எம் எழுத்தின் இடது கால்

அச்சுக் கோர்க்கிறவனுக்குக் கண் மங்கினாலும் பரவாயில்லை, எழுத்து ஒடியக் கூடாது. இந்தத் தொழிலில் லோல்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஐம்பதுகளின் கடைசியில் சேலம் சூரமங்கலத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் இருந்தேன். எழுத்துக் கோர்ப்பதும் நான், டிரெடில் மெஷினை மிதிப்பதும் நான்.

சீமாட்டி வந்தாள்

முதலாளி மெட்ராஸிலிருந்து ஒரு கேஸ் பெட்டி நிறைய இங்கிலீஷ் இட்டாலிக் எழுத்து வாங்கி வந்தார். சீமாட்டி மாதிரி ஒயிலாகச் சாய்ந்த எழுத்து. தடித்த கோடு நல்ல தடிப்பு, மெல்லிய கோடு மயிரிழை. பணக்காரக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் இனி நமக்குத்தான் என்று பூரித்துப் போனார். நான் ஒரு எழுத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். ஈயத்தில் அத்தனை மெல்லிய கோடு எத்தனை நாள் தாங்கும்? கேப்பிடல் எழுத்துகளில் ஒவ்வொன்றும் இரண்டே இரண்டு. வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணு ஒடிஞ்சாலும் நீ வேற எடம் பாத்துக்க."

லாரிக்காரர்

முதலில் வந்தவர் நாமக்கல் லாரி முதலாளி. லெட்டர்பேடுக்குப் புரூஃப் எடுத்துக் காட்டினேன். தாளை நேராகப் பிடித்துப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், முகம் கறுத்துவிட்டது. வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார், எழுத்து பிழைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவர் சொன்னார்: "போன மாசந்தானுங்க என்ற லாரி தொப்பூர்க் கணவாய்ல சாஞ்சுது. எழுத்தாச்சும் நேரா நிக்கட்டுமுங்க சாமி."

மேரியும் மைக்கேலும்

அடுத்தவர் ரயில்வே கிளார்க். மகள் மேரிக்கும் மைக்கேல் என்ற பையனுக்கும் கல்யாணம். மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவதும் வாசித்ததும் கல்யாணம், அவசரம். இருந்த இரண்டு எம்மும் வேலைக்குப் போய்விட்டன. மயிரிழை சரியாக விழவில்லையே என்று அடியில் இன்னொரு காகிதம் வைத்து அழுத்தத்தைக் கூட்டினேன். அதுதான் நான் செய்த மடத்தனம். பத்தாவது கார்டில் மேரியின் எம்முக்கு இடது கால் இல்லை.

நல்லவேளை, முதலாளி ஆத்தூர் போயிருந்தார். மிச்சத்தையும் அப்படியே அடித்து, நிப் பேனாவால் ஒவ்வொரு கார்டிலும் அந்தக் காலை வரைந்தேன். முதல் கார்டில் பேனா வழுக்கி நுனியில் ஒரு சுழி விழுந்தது. ஒரே மாதிரி இருக்க வேண்டுமே என்று முழுசாக விழுந்த ஒன்பதையும் சேர்த்து எல்லாவற்றிலும் அதையே போட்டுத் தொலைத்தேன். மறுநாள் முதலாளி எதிரிலேயே கிளார்க் கார்டை வெளிச்சத்தில் பிடித்தார். நான் மெஷினைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். "இந்த எம் இருக்கே, பொண்ணு மாதிரியே லட்சணம்" என்றார்.

அதே சுழி

ஒடிந்த எழுத்தைக் கேஸில் மற்றதற்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்த அயோத்தியாப்பட்டணம் ஜவுளிக்காரர் பத்திரிகையோடு வந்து நின்றார். "துணிக்கு ஒட்ட லேபிள் அஞ்சாயிரம் வேணும். நம்ம கடைப் பேரும் எம்லதான் ஆரம்பம். இந்தச் சுழி போட்ட எம்தான் வேணும்."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுழியைப் பார்த்தார். கேஸைக் கிளறினார். நொண்டி எம் கையில் வந்தது. ஜவுளிக்காரருக்குச் சரி சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் மனைவியை நினைத்துக்கொண்டேன். அவர் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார்: "அஞ்சாயிரத்துக்கும் கால் போட்டு முடி. ஒன் வேலையப் பத்தி அப்பறம் பேசலாம்."

அந்தப் பேச்சு வரவேயில்லை. எம்முக்கு இடது காலாக நான் அங்கே இன்னும் ஆறு வருஷம் இருந்தேன்.