ராகம் போட்டுப் படித்தவள்

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது தன் பெயர் வந்தால் அவள் கையைத் தூக்குவாள்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் "உள்ளேன் டீச்சர்" என்பேன். ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை இதுதான் எங்கள் ஏற்பாடு. அவளுக்கு வாய் திக்கும். அந்த 'உ' வெளியே வருவதற்குள் டீச்சர் நாலு பெயரைத் தாண்டிப் போயிருப்பார். எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

அந்த வருஷம் எங்கள் பொம்மிடிப் பள்ளியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'பள்ளியில் இசைக் கல்வி'. கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்களுக்குப் பாட்டு டீச்சரே கிடையாது. கால அட்டவணையில் இருந்த பாட்டு வகுப்பைக் கணக்கு சார் எப்போதோ சுருட்டிக்கொண்டார். அதனால் என்ன? கட்டுரைப் போட்டிக்கு எங்களுக்கு வழி தெரியும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுநடுவே மேற்கோள். செல்போனில் கிடைத்ததையெல்லாம் வரி விடாமல் மனப்பாடம் செய்து எழுதித் தள்ளினேன். முதல் பரிசு வாங்குகிறவர் தருமபுரியில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். போகப்போவது நான்தான் என்று வீட்டிலும் சொல்லி வைத்தாயிற்று.

முடிவு வந்தது. முதலிடம் அவளுக்கு, எனக்கு இரண்டாவது.

வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்? அப்புறம்தான் தமிழ் டீச்சர் விதியைச் சொன்னார். எழுதியவரே தன் கட்டுரையைப் பள்ளி முன்னால் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் அடுத்த இடத்தில் இருப்பவர் தருமபுரிக்குப் போவார். 'பாவம்' என்று என் வாய் சொன்னது. மனசு பஸ் ஏறிவிட்டது.

"முடியலைனா உட்ரு புள்ள. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றேன். அவள் விடமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் மைக் முன்னால் நின்றாள். பள்ளியே மைதானத்தில் உட்கார்ந்திருந்தது. உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நல்லவேளை, அந்த நேரம் பார்த்து மைதானத்தை ஒட்டிய தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. ரயில் போகும்போது எங்கள் பள்ளியில் யாராக இருந்தாலும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது தடதடத்து முடியும்வரை யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

கடைசிப் பெட்டி போனதும் ஆரம்பித்தாள். ஐயோ, ராகம் போட்டு! பாட்டுக்காரர்களின் ராகம் அல்ல. இரண்டாம் வகுப்பில் 'ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு' என்று மொத்தக் கும்பலும் ஆடிக்கொண்டே கத்துமே, அந்த ராகம்.

"எங்கள் பள்ளியில் இசை ஆசிரியர் இல்லை. எனக்குத் தெரிந்த பாட்டு வாய்ப்பாடு மட்டும்தான். அதைச் சொல்லும்போது என் நாக்கு எங்கும் நிற்காது. ஆறாம் வகுப்பில் ராகம் போட்டுப் படிக்காதே என்றார்கள். நிறுத்திவிட்டேன். அதோடு என் பேச்சும் நின்றுவிட்டது."

ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. சிரித்தவர்கள் எப்போது அடங்கினார்கள் என்றே தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒட்டி உட்கார்ந்திருந்தும் அவள் குரலை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. அம்மாடி, இவ்வளவு கணீரென்று ஒரு குரலா! முன்வரிசைப் பொடிசுகள் பழக்கதோஷத்தில் அவளோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடின. ராகம் போடாதே என்று தினமும் எங்களைத் திட்டும் தமிழ் டீச்சரும் ஆடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பாட்டுக் கேட்டுவிட்டேன். அன்றைய மலைப்பு திரும்ப வரவில்லை.

"இவ்ளோ நாளா இந்தக் கொரலை எங்கம்மா வெச்சிருந்த?" என்று தலைமையாசிரியர் கேட்டார். அவள் பதில் சொல்லப்போய் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். வெட்கப்படாமல் சிரித்தாள். தருமபுரிக்கு அவள்தான் என்று அவர் அங்கேயே அறிவித்தார். முதலில் கைதட்டியது நான்தான். வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை.

வகுப்புக்கு வந்தோம். டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். அவள் பெயர் வந்ததும் வழக்கம்போல நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அதே வாய்ப்பாட்டு ராகத்தில், நன்றாக நீட்டி, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.