கதவு நிலைக்கு மேல் ஒரு சாவி

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஜெயந்தினிக்குக் கை சும்மா இருக்காது. பதுளையில் தோட்ட மக்கள் சங்கம் ஒன்றின் லினக்ஸ் சேர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நமுனுகுல, பசறைப் பக்கத்து நானூறு குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ்களும் காணி விண்ணப்பங்களும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அம்மா இராக்கம்மா ஐந்து வருடம் நாயாய் அலைந்து சேர்த்த தாள்களின் பிரதிகளும் அதில்தான். வேண்டாதவன் கையில் அவை கிடைத்தால், ஒருத்தர் பெயரைச் சொல்லி இன்னொருத்தர் காணி கேட்டுவிடுவார்களே என்ற பயம் அவளை விட்டுப் போவதேயில்லை.

அதனால் இன்டர்நெட் பக்கம் எல்லா வழியையும் அடைத்திருந்தாள். அவளுடைய லெப்டொப்பிலிருந்து மட்டுமே உள்ளே நுழையலாம். கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாகத் தட்டுகிறவனை சேர்வர் தானே துரத்திவிடும். தட்டியவர்களின் பதிவு அவள் ஃபோனுக்கு வரும். நாளுக்கு ஆயிரம் தடவை தட்டினார்கள், ஒருவனும் நுழைந்ததில்லை. இருந்தும் நொடிக்கொரு தரம் பார்ப்பாள். காதலனின் மெசேஜோ என்று பக்கத்து சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பதும் உண்டு.

ஆயுத பூசையன்று லீவில் அம்மா இருக்கும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போகும்போது பதிவு நின்றுபோனது. சேர்வர் மூச்சே விடவில்லை. பாதி வழியில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பினாள்.

சங்க மண்டபத்தில் ஒரே கூட்டம். சேர்வர் அறை ஆவென்று திறந்து கிடந்தது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். பிளக்கைக் கழற்றியிருந்தார்கள்.

"என்னா சார் இது?"

செயலாளர் வீரசிங்கம் கடலைத் தட்டோடு வந்தார். "ஆயுதத்துக்கெல்லாம் இன்னைக்கு ஓய்வும்மா. வருசம் பூரா ஓடுது, அதுக்கு ஒரு நாளு வேணாமா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காப்புப் பிரதி வைத்த டிஸ்க் எங்கே? அறைக்குள்தானே இருக்கிறது என்று அதற்கு மட்டும் அவள் கடவுச்சொல் போடவில்லை. எந்தக் கணினியில் செருகினாலும் திறந்துவிடும். வாழையிலையில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளுக்கு நடுவே, பூ வைத்தபடி கிடந்தது. பாய்ந்து எடுத்தாள்.

"கதவ யாரு தொறந்தா? சாவி எங்கிட்டல்ல இருக்கு?"

"இன்னொண்ண நெலைக்கு மேல வச்சிருக்கீங்களே," என்றாள் மண்டபம் கூட்டும் தயானி. "லயத்து வீடுகள்ல எல்லாரும் அங்கதானே சாவி வைப்போம். நான் தெனமும் அத எடுத்துத்தான் தொறந்து கூட்டுறேன்."

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வேலைக்கு வந்த முதல் வாரம் வைத்த சாவி. பதினொரு மாதம் ஆகிவிட்டது. இந்தக் கதவால் யார் யார் வந்தார்கள், எதைப் பிரதி எடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரிப் பதிவும் கிடையாது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. நிலையைத் துழாவிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. அம்மா.

"நான் கோயிலுக்குக் கெளம்பிட்டேன்டி. காணிக் காயிதமெல்லாம் வீட்டுல வச்சுப் பூட்டிட்டேன். சாவி நெலைக்கு மேல இருக்கு."

டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜெயந்தினி பஸ்ஸுக்கு ஓடினாள்.