மரியாதைக்குச் சொன்னது

றெஜினாவைப் பொய்க்காரி என்று குருநகரில் எவரும் சொன்னதில்லை. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு நண்டுக் கம்பனியில் சதை பிரிக்கும் வேலைக்குப் போனாள். ஓடு கீறிக் கீறி விரல் நுனி மரத்துப்போனதுதான் மிச்சம். மகள் ஜெசிதாவை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வளர்த்தாள். அந்த ஜெசிதாவைத்தான் மருமகன் றோய் மீன் வெட்டுகிற கத்தியால் குத்திக் கொன்றான்.

வழக்கு மேல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருவதற்குள் றெஜினாவின் தலை முழுக்க வெளுத்துவிட்டது. கொன்றதை றோய் மறுக்கவில்லை. அவனுடைய சட்டத்தரணி கெட்டிக்காரர். பாரதூரமான திடீர் ஆத்திரமூட்டல் என்றார். அதாவது, அவள் ஏதோ சொன்னாளாம், இவனுக்குக் கண்மண் தெரியாமல் போனதாம். என்ன சொன்னாள் என்பதற்கு ஒரே சாட்சி கொன்றவன். நீதிபதி அதை நம்பினால் கொலை என்பது கைமோசக் கொலையாகிவிடும். சில வருஷச் சிறையோடு ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான்.

றெஜினா அவனுடைய உயிரைக் கேட்கவில்லை. தன் சாவைத் தானே வாங்கிக்கொண்டவள் என்று மகளைப் பற்றித் தீர்ப்பில் எழுதக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

சட்டத்தரணி பழைய தீர்ப்புகளை அடுக்கினார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பெண்சாதியைக் கொன்றவர்களுக்குக் குறைவில்லை போலிருக்கிறது. ஒருத்தி சோறு போட மறுத்தாளாம், ஒருத்தி ஊர் கேட்க ஏசினாளாம், ஒருத்தி சிரித்தாளாம். வழக்குகளுக்கெல்லாம் கொன்றவனின் பெயர். செத்தவளை “மனைவி” என்றே வாசித்துக்கொண்டு போனார். பிறகு றெஜினாவைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். அவள் பைபிளை முத்தமிட்டு ஏறினாள். றோயின் சட்டத்தரணி கேட்டார்.

“அம்மா, சம்பவத்துக்கு முந்தி உங்கடை மகள் கோவிச்சுக்கொண்டு உங்கடை வீட்டை வந்திருந்தவ. நீங்கள்தானே திருப்பிக் கூட்டிக்கொண்டுபோய் விட்டனீங்கள்?”

“ஓம்.”

“அப்ப சமாதானம் பேச வந்த செபநாயகம் எண்ட மீன்பிடிச் சங்கத் தலைவருக்கு முன்னாலை, ‘என்ரை பிள்ளைக்கு வாய் கூட, தம்பி, நீதான் பொறுக்க வேணும்’ எண்டு றோயிட்டைச் சொன்னீங்களோ?”

றெஜினா சொன்னவள்தான். சம்பந்தி கிறிஸ்ரினா வீட்டு விறாந்தையில், கன்றிப்போன கன்னத்தோடு மகள் பக்கத்தில் நிற்க, சொன்னாள். பெண்ணைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற தாய் வேறு எதைச் சொல்வது? முதலில் தன் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டும். உடனே மாமிக்காரி, “சீச்சீ, உவள் தங்கமான பிள்ளை” என்று மறுக்க வேண்டும். பிறகு தேத்தண்ணி வரும். அன்றைக்கும் கிறிஸ்ரினா மறுத்தாள், தேத்தண்ணியும் வந்தது. குருநகரில் எந்தத் தாயைக் கேட்டாலும் தெரியும். ஆனால் இவ்வளவையும் அந்தக் கறுப்புக் கோட்டுக்கு எங்கே தொடங்கி எப்படி விளங்கப்படுத்துவது?

“ஐயா, அது வந்து, எங்கடை ஆக்கள்…”

“சொன்னீங்களோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“ஓம். சொன்னனான்.”

றோய்க்கு எதிராக வழக்காடும் அரச சட்டவாதி எழும்பி ஏதாவது கேட்பார் என்று பார்த்தாள். அவர் அடுத்த வழக்கின் கோவையைப் புரட்டிக்கொண்டிருந்தார். றெஜினா கூண்டை விட்டு இறங்கினாள். எத்தனையோ நாள் பசி கிடந்து வளர்த்த பிள்ளையை ஒரு “ஓம்” இல் விற்றுவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

தீர்ப்பில் அது அப்படியே வந்தது. இறந்தவர் வாய்த்துடுக்கு மிக்கவர் என்பதை அவரைப் பெற்ற தாயே சத்தியத்தின் பேரில் ஒப்புக்கொண்டுள்ளார் என்று நீதிபதி வாசித்தார். கைமோசக் கொலை. றோய் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டான்.

வெளியே வந்ததும் கிறிஸ்ரினா ஓடிவந்து றெஜினாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நடிப்பில்லை, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதுதான் றெஜினாவுக்குத் தாங்கவில்லை.

“மச்சாள், நீங்கள் உள்ளதைச் சொன்னபடியால்தான் என்ரை பிள்ளை தப்பினான். உங்களைச் சாகுமட்டும் மறக்கமாட்டன்.”

றெஜினா கையை உதறினாள்.

“அது உண்மையில்லை! மரியாதைக்குச் சொன்னது! உனக்குத் தெரியுந்தானே, மரியாதைக்குச் சொன்னதெண்டு!”

கிறிஸ்ரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் நின்ற பொலிஸ்காரிதான் கிட்ட வந்தாள்.

“அம்மா, சத்தம் போடாதேங்கோ. உள்ளுக்கை அடுத்த வழக்கு நடக்குது.”