அக்காவுக்கு ‘இட்’ போட்ட கட்டுரை

எழுபதுகளின் கடைசியில் சேலத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். ஜேடர்பாளையம் பக்கம் எங்கள் ஊர், அப்பா விவசாயி. வானொலியில் ஆங்கிலச் செய்தி வாசிக்கும் பெண்குரலைக் கேட்டுக் கேட்டு, பாதி புரியாமலேயே, படித்தால் இதைத்தான் படிப்பது என்று முடிவு கட்டியிருந்தேன். சாப்பிடாமல் அடம்பிடித்து வாங்கிய இடம் அது.

சேர்ந்த மாதமே மானம் போனது. வீட்டில் யாராவது ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார் விரிவுரையாளர். ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்காவைப் பற்றி எழுதினேன். அக்கா சைக்கிள் ஓட்டும், அக்கா சிரித்தால் தெருமுனை வரை கேட்கும் என்றெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் ‘ஷி’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘இட்’ போட்டுவிட்டேன்.

அதை அவர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். “உங்க அக்கா என்னம்மா, பசு மாடா?” என்றார். பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் சிரித்தாள். அவளை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

‘ஷி’ தெரியாதவள் இல்லை நான். எங்கள் பக்கம் தம்பி வந்தான், அப்பா வந்தாங்க, அக்கா வந்துச்சு. பிறந்ததிலிருந்து அப்படிப் பேசிய வாய். கை அதை அப்படியே ஆங்கிலமாக்கி வைத்திருந்தது.

இனி அந்த வகுப்பில் கால் வைப்பதில்லை என்று நினைத்தேன். அப்பா நேரில் வந்து கேட்டால் வரலாற்றுக்கு மாற்றித் தருவதாகக் கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன்.

வீட்டில் சித்தப்பாவும் இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை.

“மாத்திக்கட்டும். கட்டிக்குடுக்கப் போற புள்ள, அது எதப் படிச்சா என்ன?”

“ஏனுங்கண்ணா, பையன எதுல சேக்கறது?” என்று கேட்டார் சித்தப்பா. என் தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தான்.

“அவனுக்கு எது புடிக்குதுன்னு அவனத்தான் கேக்கோணும்” என்றார் அப்பா.

அவன், அது. நாள் தவறாமல் கேட்ட சொற்கள்தான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தன. “அது பசி தாங்காதுங்க, மொதல்ல சோறு திங்கட்டும்” என்று அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதே சொல். அம்மா வாயிலிருந்து வரும்போது அது வெறும் பாசம். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல், சோற்றைப் பிசைந்தபடி அழுதேன்.

“நான் மாறலீங்கப்பா. இங்கிலீசே படிக்கறன்” என்றேன்.

“ஏஞ் சாமி? இப்பத்தான மாத்தோணும்னு சொன்ன?”

“இங்கிலீசுல என்னயப் பத்தி எழுதுனா ‘அது’ன்னு எழுத முடியாதுங்கப்பா. எழுதுனாத் தப்பு.”

அப்பா சிரித்தார். அது பெருமைச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். தலையை ஆட்டியபடி அம்மா பக்கம் திரும்பினார்.

“கேட்டயா, அது என்ன சொல்லுதுன்னு? படிக்கட்டும் உடு.”