ஸ்டெல்லாம்மா கேட்ட கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. காபி டம்ளரும் கையுமாக கேட்டைத் திறந்தால்… எதிரே ஸ்டெல்லாம்மா, இட்லி வண்டியோடு!

இவரை உங்களுக்குத் தெரியும். எங்கள் சைனிக்புரி தெருமுனையில் டிபன் வண்டி போடுகிறவர். இந்தத் தெலுங்கு ஊரில், மெட்டுகுடாவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வியாபாரம் செய்யலாம் என்று அரசாங்கம் கொடுத்த கார்டு கழுத்தில் தொங்கும். அப்படியும் ஆக்கிரமிப்பு அகற்றுகிற லாரி வந்து இரண்டு தடவை வண்டியைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு கை கொடுக்கும், இன்னொரு கை பிடுங்கும் – இதென்ன நியாயம்? போன மாதம் இதே பக்கத்தில் பொங்கித் தீர்த்திருந்தேன்.

நான் எந்தக் கட்சி என்பதும் தெரிந்ததுதான். திருடனைப் பிடி, வழக்கைத் தீர்த்து வை, மற்றபடி மனிதர்களை அவர்கள் பாட்டுக்கு விடு – அரசாங்கத்திடம் நான் கேட்பது அவ்வளவுதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசிக்கொள்ளட்டும். அவரவர் சொத்து அவரவருக்கு. இந்த ரக ஆசாமிகளுக்கு லிபர்டேரியன் என்று பெயர். என் மனைவி உஷா வைத்திருக்கும் பெயர் வேறு.

"சார், எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. சர்ச்சுல ஃபாதர் படிச்சுக் காட்டினாரு. வியாபாரம் பண்றவங்கள யாரும் தொரத்தக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்களாமே?"

"ஹவ்!" என்று எங்கள் ஊர் உருதுவில் ஆமாம் போட்டேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அப்ப வண்டிய இங்க போட்டுக்கட்டா?"

அவர் விரல் காட்டிய இடம்… என் குரோட்டன்ஸ் தோட்டம்.

"அது என் தோட்டம்மா!"

"காம்பவுண்டுக்கு வெளியதானே இருக்கு? ரோடுதானே சார் அது?"

உள்ளேயிருந்து உஷா சிரிக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு இது. காம்பவுண்டுக்கு வெளியே நாலடி, சுற்றிக் கம்பி வலை, உள்ளே நாலு செடி. பன்னிரண்டு வருடமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஒருநாளும் உறுத்தியதில்லை. அவர் வண்டியை நிறுத்தினால் ஆக்கிரமிப்பு. நான் வேலி போட்டால் பசுமை! அந்த லாரி என் குரோட்டன்ஸை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. "ரோடு என்னுதில்லதான். கேட்டுக்கு உள்ள இருக்கிறது என் பேர்ல பத்திரம் ஆன இடம். உள்ள வந்து நிறுத்திக்குங்க. எந்த லாரியும் தொட முடியாது. வாடகையும் வேணாம்!"

சொல்லிவிட்டு உஷா கேட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"நக்கோ சார், வேணாம்."

"கைக்கு? ஏன் வேணாம்?"

"ஓசில நிக்க மாட்டேன். ஓசின்னா, உங்களுக்குக் கோவம் வர்ற அன்னிக்குப் போன்னுடுவீங்க. வாடகை வாங்கிக்குங்க. எழுதிக் குடுங்க."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கறதாலதானே சார் எழுதிக் கேக்கறேன்? லாரிக்காரன்கிட்ட போய்க் கேப்பேனா?"

சுருக்கென்றது. கொடுக்க வந்த கையைத் தட்டிவிட்டாரே என்று காபி ஆறும்வரை வருத்தம்தான். அப்புறம் யோசித்தேன். சொத்துரிமை, ஒப்பந்தம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியதை இந்த அம்மாள் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டாரே! அதுவும் வருத்தப்பட்டுக் கேட்கவில்லை. விலை பேசுகிற தொனியில் கேட்டார். அந்த நிமிடம் அவரை நினைத்து எனக்கு வந்த பெருமை இருக்கிறதே… நானே எழுதிய எதற்கும் அப்படி வந்ததில்லை.

மறுநாளே முத்திரைத்தாள் வாங்கினேன். வாடகையை அவர் சொன்னார், நான் கூட்டினேன், அவர் குறைத்தார். காலி செய்யச் சொல்வதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பது அவர் நிபந்தனை. உஷாதான் சாட்சி. கையெழுத்துப் போடுவதற்கு முன் அத்தனையையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் ஸ்டெல்லாம்மா.

வேலியை நானே பிடுங்கினேன். இரண்டு நாள் கடப்பாரை வேலை, முதுகுவலி இன்னும் போகவில்லை. எதிர்வீட்டு ரிட்டயர்டு கர்னல் என்ன விஷயம் என்று விசாரித்தார். அரசாங்க நிலத்தை அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுக்கிறேன் என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

சனிக்கிழமை லாரி வந்தது. கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லாம்மா தட்டைக் கழுவியபடி, "இட்லியா, வடையா?" என்று தெலுங்கில் கேட்டார். ஆளுக்கொரு பிளேட் சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அரசாங்கத்திடமிருந்து சுதந்திரம் வேண்டும் என்று இத்தனை வருடமாக நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னிடமிருந்து சுதந்திரம் வேண்டும் என்று எழுதியே வாங்கிக்கொண்டவர் ஸ்டெல்லாம்மா ஒருவர்தான்!