மிஞ்சிய சத்தம்

கரையான்சாவடி மெயின் ரோட்டில், பரோட்டா கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது பூபாலனின் வீடியோ கடை. அவன் அப்பா நூம்பலில் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர். வயலெல்லாம் பிளாட் ஆனபோது பூபாலன் கல்யாண மண்டபங்களில் லைட் பிடிக்கப் போனான். பிறகு கேமரா, பிறகு எடிட்டிங். பழைய கேசட்டை சிடியில் ஏற்றினான். சிடியைப் பென்டிரைவில் ஏற்றினான். மாப்பிள்ளை மேடையில் தூங்கி வழிந்திருந்தாலும் பூபாலன் கைக்கு வந்தால் முகம் தெளிந்துவிடும் என்று பேர்.

வேலை செய்யும்போது ஸ்பீக்கரை அணைத்து வைப்பது அவன் பழக்கம். கல்யாண வீடியோவில் பேச்சை யார் கேட்கிறார்கள்? மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போர்த்தினால் தீர்ந்தது. ஃபைலை மாற்றும்போது சில நேரம் படம் ஒரு நீளமாகவும் சத்தம் ஒரு நீளமாகவும் வந்து நிற்கும். எது மிஞ்சுகிறதோ அதன் வாலை நறுக்கிவிடுவான். இரண்டும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். யாரும் குறை சொன்னதில்லை.

முதலில் குறை சொல்ல வந்தவள் ஐயப்பன்தாங்கல் விஜி. அவள் கணவர் சம்பந்தம் பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்தான் வாய்க்கு வர மறுத்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், “நீங்களே ஒவ்வொரு சொல்லா நிதானமா சொல்லி வீடியோ எடுங்க. உங்க வாயைப் பாத்துக்கிட்டே அவரும் சொல்லட்டும்” என்றாள். விஜி போனில் எடுத்தாள். போன் திரை அவர் கண்ணுக்குப் போதவில்லை; டிவியில் அந்த ஃபைல் ஓடவில்லை. பூபாலன் மாற்றிக் கொடுத்தான். அப்போதும் ஸ்பீக்கர் அணைந்துதான் இருந்தது. சத்தம் மிஞ்சியது, நறுக்கினான்.

அடுத்த வாரமே விஜி மாடியேறி வந்தாள்.

“இன்னா தம்பி போட்டுக் குடுத்தே? மொதல்ல நல்லாத்தான் கீது. போகப் போக வாய் ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு வருது.”

“டிவி பழசா அக்கா?”

“அதே டிவியில சீரியல் மாமியாருங்க எல்லாம் கரீட்டாத்தான் திட்றாங்க. நான் மட்டும்தான் பேய் புடிச்ச மாதிரி பேசுறேன்.”

பூபாலன் சிரித்துவிட்டான். விஜி சிரிக்கவில்லை.

“அந்த மன்சன் இப்போ வாயே தொறக்கறதில்ல. டிவிய போட்டா செவுத்தப் பாக்குறாரு. அழுத்தக்காரருன்னு நானும் திட்டிட்டேன். இந்த ஆரம்ப மாசத்த உட்டா அப்பால பேச்சு வர்றது கஷ்டம்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நீயே வந்து பாரு.”

கடையைப் பூட்டிக்கொண்டு போனான்.

சம்பந்தம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கைக்கு அடியில் தலையணை. வந்தவனுக்காக அன்று திரையைப் பார்த்தார். டிவியில் விஜி “தண்ணி” என்றாள். அவர் உதடு அசைந்தது. பாதி தாண்டியதும் நிலைமை மாறியது. திரையில் விஜி “பல்லு” சொல்ல உதட்டை மூடித் திறந்தாள். கேட்டதோ அதற்கு முந்தைய “சோறு”. சம்பந்தமும் உதட்டை மூடினார். எதைச் சொல்வதென்று தெரியாமல் நாக்கு தடுமாறியது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியில் மிஞ்சியதைத்தானே நறுக்கினோம் என்று இருந்த பூபாலனுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் சத்தம் மிஞ்சுகிறது என்றால், வழி நெடுகப் படம் அதை முந்திக்கொண்டே வந்திருக்கிறது.

“அக்கா, மாமா மேல தப்பில்ல. நான் பண்ண கோளாறு.”

“என்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே? அவராண்ட சொல்லு.”

எதிரில் போய் நின்று சொன்னான். சம்பந்தம் அவனைப் பார்த்தார். பிறகு விஜியைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது.

“சரி, சரி. திட்டுனது நான்தான். அதுக்கு இன்னா இப்போ?” என்றாள் விஜி. குரல் இறங்கியிருந்தது.

போனில் இருந்த அசல் வீடியோவை எடுத்துப் போய் பூபாலன் மறுபடி உட்கார்ந்தான். முதலில் படத்தின் நீளத்துக்குச் சத்தத்தைச் சுருக்கிப் பார்த்தான். விஜி பஸ்ஸைத் தவறவிட்டவள் போலக் கீச்சிட்டாள். நடுவில் வாயும் ஒட்டவில்லை. தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. வெளிச்சம் குறைந்த இடத்தில் போன் நொடிக்குக் குறைவான படங்களைப் பிடிக்கிறது, வெளிச்சத்தில் அதிகம் பிடிக்கிறது. அவன் மென்பொருளோ எல்லா நொடிக்கும் ஒரே கணக்கு என்று நினைத்து ஓட்டியிருந்தது. சத்தத்தைத் தொடாமல், ஒவ்வொரு படமும் பிடிபட்ட நேரத்திலேயே நிற்கும்படி மாற்றினான். இரண்டு நீளமும் தாமாகவே ஒன்றாக வந்தன. அதை நம்பிவிடாமல், ஸ்பீக்கரைத் திறந்து முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை விஜியின் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

பென்டிரைவை அவனே கொண்டுபோய்ச் சொருகினான். சம்பந்தம் உடனே திரும்பவில்லை. “மாமா, பாருங்க” என்று பூபாலன் தொடங்கினான்.

“நீ சும்மா இரு. அவருக்கு டைம் வோணும்.”

“தண்ணி” போயிற்று, “சோறு” போயிற்று. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரை பக்கம் வந்தது. “பல்லு” என்றாள் திரையில் விஜி. சம்பந்தம் உதட்டை மூடினார். “ப…” அதோடு நின்றுவிட்டார். விஜி ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். மூவரும் காத்திருந்தார்கள்.

“ப… ல்லு.”

“கேட்டுச்சு,” என்றாள் விஜி.

சம்பந்தம் இடது கையை நீட்டினார். விஜி ரிமோட்டை அந்தக் கையில் வைத்தாள். அவர் தடவித் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து, படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, அந்தச் சொல்லையே மறுபடி போட்டார்.