கடைசிக் கண்ணியில் ஒரு ஊக்கு

பிலிமத்தலாவையில் மாடி வீடு கட்டி முடித்த நாளிலிருந்து கோமளேஸ்வரிக்குக் கால் தரையில் படவில்லை. பிறந்தது என்னவோ ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில்தான். யாராவது ஊரைக் கேட்டால் கண்டி டவுன் என்பாள். இப்பேர்ப்பட்ட மகராசிக்குத் தம்பி பெண்டாட்டியின் கைவேலை கண்ணில் படுமா?

தம்பி பெண்டாட்டி சிந்துஜா, பத்தொன்பது வயதில் கண்டியில் ஒரு மணப்பெண் உடுப்புக் கடைக்கு மணி தைக்கப் போனவள். பதினைந்து வருஷமாக ஊரில் பாதிக் கல்யாணம் அவள் விரலால் மினுங்கியது. அவள் பெயர் மட்டும் ஒரு கல்யாணத்திலும் ஒருவர் வாயிலும் வந்ததில்லை. உடுப்பு முடிந்ததும் மிஞ்சுகிற மணியையும் நூலையும் முதலாளியம்மா அவளையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள். அதை வைத்துத்தான் வீட்டில் மாலை பின்னுவாள்.

சும்மா வேலையா அது? பின்னத் தொடங்கும் முன்பே மணி முழுவதையும் நூலில் கோத்துவிட வேண்டும், அதுவும் தலைகீழாக. மாலையில் முதலில் வரவேண்டிய நிறத்தைக் கடைசியாகக் கோக்க வேண்டும். பிறகு கொக்கி ஊசியால் கண்ணிக்கு ஒரு மணி. கடைசிக் கண்ணிக்கு மட்டும் முடிச்சுப் போடாமல் ஓர் ஊக்கில் மாட்டி வைப்பாள். போடுகிறவளின் கழுத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் முடிச்சு.

வயசுக்கு வந்த மகளுக்குக் கோமளேஸ்வரி சடங்கு வைத்தாள். பிள்ளைக்கு நான் ஒரு மாலை பின்னித் தருகிறேன் என்று சிந்துஜா ஆசையாகத்தான் கேட்டாள். சொந்தக்காரர்கள் நடுவில், இது சிந்துஜா செய்தது என்று யாராவது ஒருதரம் சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். சடங்கைப் பற்றிப் பேச வந்திருந்த பத்துப் பேர் முன்னாலேயே நாத்தனார் முகத்தைச் சுளித்தாள்.

"கடையில கூட்டி அள்ளுன குப்பைய எம் மக கழுத்துல போடுறதா? நாலு பேரு வர்ற எடம், சிந்துஜா."

புருஷன் தினேஸ் பக்கத்தில்தான் இருந்தான். அக்கா பேசினால் அவன் வாயில் கொழுக்கட்டை.

சடங்குக்கு மூன்று நாள் முன்னால் ரிஸ்கான் நானா போனில் கோல் எடுத்தார். சிந்துஜாவின் மாலைகளைத் தன் ஃபேன்சிக் கடையில் வைத்து விற்றுக்கொடுப்பவர் அவர். நீலமும் பொன்னும் கலந்த பெரிய மாலையைப் பிலிமத்தலாவை அம்மா ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம். செய்த பிள்ளை வந்து முடிச்சுப் போட வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள் என்றதற்கு, அதெல்லாம் எனக்குத் தெரியும் என்றாராம். அந்த "எனக்குத் தெரியும்" யாருடையது என்று சிந்துஜாவுக்கு உடனே விளங்கிவிட்டது. நாத்தனாரைக் கூப்பிட்டாள். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அப்புறம் பேசு என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

சடங்கன்று மண்டபத்தில் மகளை முந்திக்கொண்டு அம்மாவின் கழுத்து நின்றது. அதே நீல மாலை. சென்னையிலிருந்து எடுப்பித்ததாம்! பட்டுச் சேலைக்கு ஊக்கு எடுப்பாக இல்லையென்று கழற்றி எறிந்துவிட்டு, நூலின் நுனியைப் பிடரியில் தானே கட்டியிருந்தாள். அடேயப்பா, என்ன அறிவு!

மகளின் பூமாலையைச் சரிசெய்யக் குனிந்தாள், கட்டு நழுவியது. மூடாத கண்ணி சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகக் கழன்று மணிகள் பொலபொலவென்று கொட்டத் தொடங்கின. சிந்துஜா ஓடிப்போய்க் கழலும் கண்ணியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். கொட்டுவது நின்றது. கொக்கி ஊசி அவள் கைப்பையில்தான் இருந்தது, ஒரு நிமிஷ வேலை.

காதோடு சொன்னாள். "இது நான் பின்னுனது அண்ணி. இவங்ககிட்ட அத நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. முடிச்சு போட்டுத் தாரேன்."

போட்டோக்காரரும் சொந்தக்காரர்களும் காத்து நின்றார்கள். அந்த ஒரு வார்த்தை கோமளேஸ்வரியின் தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"சென்னைச் சாமான். இவளுக்கு எங்க தெரியப் போகுது? கைய எடு நீ."

சிந்துஜா கையை எடுத்தாள்.

மணிகள் மறுபடி கொட்டின, கடைசி மணி உருண்டு மேடைக்கு அடியில் போனது. சிந்துஜா தரையில் உட்கார்ந்து, முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்தாள். நீலத்தை ஒரு பக்கம், பொன்னை ஒரு பக்கம் என்று நிதானமாகப் பொறுக்கினாள். என்ன செய்கிறாய் என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"குப்பைதானே அண்ணி. கூட்டி அள்ளுறேன்."

அன்றைக்குக் குப்பை என்ற வார்த்தையைக் கேட்ட பத்துப் பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். முதலில் சிந்துஜாவின் விரல்களைப் பார்த்தார்கள், பிறகு கோமளேஸ்வரியின் கழுத்தைப் பார்த்தார்கள். அங்கே வெறும் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.